தையல் லைனுக்குப் போன கடலை பிஸ்கட்

டிஷ்யூ தாளை நக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது.

பிஸ்கட் தீர்ந்துவிட்டிருந்தது. அம்மா அதை மூன்றாக உடைத்ததில் என் பங்கு கட்டைவிரல் அகலம்கூட இல்லை. நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சாக்லேட் பதிந்திருந்தது. உடைத்தபோது அது அப்பா பக்கம் போய்விட்டது. அவர் நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு, பிஸ்கட்டைச் சுற்றி வந்த தாளின் மடிப்புகளில் சிக்கியிருந்த தூளை நாக்கால் ஒற்றி எடுத்தேன். சாக்லேட்டின் இனிப்பு கரைந்ததும் அடியில் நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்த ருசி. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய், வறுத்த வாசனை.

“அம்மா! இது கடலைம்மா!”

“கத்தாத. தாளையும் சேத்து முழுங்கிடப் போற.”

“வெறும் வேர்க்கடலைம்மா. இத நாமளே செய்யலாம்.”

அம்மா சிரித்தாள். அப்பா, “செய்யி, செய்யி, கம்பெனி ஆரம்பிச்சுடலாம்” என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு.

ஆம்பூரில் சேர்ந்து படித்த நம் செட்டில் யாருக்கும் இன்னும் முப்பது ஆகவில்லை. இந்த வயதில் பழைய கதை பேசுவது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். போனில் இரண்டு தட்டு தட்டினால் குக்கி வாசலுக்கு வருகிற காலத்தில் ஒரு பிஸ்கட்டைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். ஆனால் நம்மில் பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவர்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்பது என்னவென்று அப்போது நமக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்த பிஸ்கட்டால்தான். அதுவும் ரொம்பத் தாமதமாக.

பிஸ்கட் எங்கள் வீட்டுக்கு வந்த வழி இது. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கு அங்கே அப்பர் என்று பெயர். நாள் முழுக்க அப்பர் தைப்பாள். அப்பா வேறொரு கம்பெனியில் சோல் ஒட்டும் செக்ஷன். அம்மா உள்ளே வந்தால் தோல் வாசனையும் மிஷின் எண்ணெயும் வரும், அப்பா வந்தால் பசை வாசனை. கண்ணை மூடிக்கொண்டே யார் வந்தது என்று சொல்லிவிடுவேன்.

வெளிநாட்டுக்குப் போகிற சரக்கைப் பார்க்க அங்கிருந்தே ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் லைன் ஓரமாக நடந்து வந்து, அம்மாவின் மிஷின் பக்கத்தில் நின்று, ஒரு அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு தோள்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து, இந்த பிஸ்கட்டைக் கொடுத்து, “குட்” என்றாராம். தையல் நேராக இருந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். டப்பாவில் கடைசியாக ஒன்று மிஞ்சியிருக்கும், பையைக் காலி பண்ண நினைத்திருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அம்மா அதைத் தின்னவில்லை. தாளில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் பொரியல் வைக்கிற, அன்று காலியாக இருந்த குட்டித் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் வைத்து மூடிக் கொண்டுவந்துவிட்டாள். மூடியின் ஓரம் நசுங்கியிருந்த அந்த டிபன் பாக்ஸ் இப்போது எங்கே போனதோ தெரியவில்லை. அதைத் திறக்கும்போது வருகிற ‘டப்’ சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

இரண்டு மூன்று நாள் கழித்து அந்த டிபன் பாக்ஸ் கனமாகத் திரும்பி வந்தது. உள்ளே காலையில் வைத்த சாதம் அப்படியே இருந்தது.

“ஏன், உடம்பு சரியில்லையா?” என்றார் அப்பா.

“அக்கா வரல.”

“லீவா?”

“வந்துச்சு. எங்கூட உக்காரல.”

அக்கா என்றால் ஒடுகத்தூர் பெரியம்மா. சொந்தம் ஒன்றும் இல்லை. தையல் லைனில் அம்மாவுக்கு எதிர் மிஷின். அம்மாவுக்கு அக்கா என்றால் எனக்குப் பெரியம்மா, அவ்வளவுதான் கணக்கு. ஒடுகத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருவார். மலை அடிவாரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் கடலைக்கொல்லை உண்டு. கடலை பிடுங்கிய கையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு பை வந்துவிடும், மண் ஒட்டிய தோலோடு. மதியம் மணி அடித்ததும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள். அம்மாவின் சாதம், பெரியம்மாவின் குழம்பு. அவருடைய களி, அம்மாவின் கீரை. ஒரே அப்பளம் என்றாலும் பாதிப் பாதி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

பிஸ்கட் கைக்கு வந்த நேரத்தில் பெரியம்மா நூல் வாங்கி வர எழுந்து போயிருந்தார். அன்று முழுக்க அம்மா அதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் நூல் வெட்டும் பெண்ணிடம் பெருமை தாங்காமல் சொல்லியிருக்கிறாள். எதிர் மிஷினில் காது இல்லாமலா இருக்கும்?

“இன்னாடி, பிஸ்கட்டு நல்லா இருந்துச்சா?” என்று ஆரம்பித்தாராம் பெரியம்மா. “எம் பக்கத்துலயே உக்காந்து எங் குழம்ப ஊத்தித் தின்ன. டப்பாக்குள்ளயே அத வெச்சுக்கினு, அதுல இன்னா இருக்குதுன்னு சொல்லக்கூட வாய் வரல உனுக்கு.”

“ஒரு பிஸ்கட்டுக்கா இவ்ளோ பேச்சு?” என்றிருக்கிறாள் அம்மா. லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்ததில் ரோஷம் வந்துவிட்டது. “எம் பொண்ணு இத வெறும் கடலையில செஞ்சுடலாம்னு சொல்றா. ஆயுத பூஜைக்கு லைனுக்கே கொண்டாந்து தர்றேன், பாரு.”

“வெள்ளக்காரி பிஸ்கட்ட உம் பொண்ணு சுடப் போறாளா? சுடட்டும், சுடட்டும். பாக்கறேன்.”

மறுநாள் மணி அடித்ததும் பெரியம்மா தன் டிபனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்துப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

“அவங்களுக்குப் பொறாமை. வெள்ளைக்காரம்மா எங்கிட்ட வந்து நின்னது பொறுக்கல” என்றாள் அம்மா. “ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்” என்றார் அப்பா. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. நானும் வேலைக்குச் சேர்ந்து, கையில் டிபனோடு கேன்டீன் வாசலில் நின்று, யார் பக்கத்தில் உட்கார்வது என்று கண்ணால் துழாவிய நாளில்தான் எனக்கு அது புரிந்தது. பெரியம்மாவுக்கு பிஸ்கட் வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக இரண்டு டிபனுக்கும் நடுவில் மூடி என்று ஒன்று இருந்ததே இல்லை. அன்றைக்கு ஒரு மூடி விழுந்துவிட்டது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஆயுத பூஜைக்குள் பிஸ்கட் வந்தாக வேண்டும். வராவிட்டால் அம்மா லைனில் தலைநிமிர முடியாது, பெரியம்மாவும் ஜன்னல் ஓரத்திலேயே இருந்துவிடுவார். டிபன் பாக்ஸ் தினமும் அரைகுறையாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் போனில் தேடினேன். ஒரு வெளிநாட்டுப் பெண் சிரித்துச் சிரித்துச் செய்து காட்டினார். ரொம்ப ஈஸியாம். கடலை வெண்ணெய், சீனி, ஒரு முட்டை. மூன்றே பொருள். கலந்து, உருட்டி, ஓவனில் வைத்து, மேலே சாக்லேட். அந்த வீடியோவை முழுதாகப் பார்க்கும் முன்பே நெட் தீர்ந்துவிட்டது. எங்கள் பாதிக் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

முதல் பொருளிலேயே சறுக்கினோம். கடைக் கடலையை வறுத்து, தோல் ஊதி, மிக்ஸியில் போட்டேன். கொஞ்சம் ஓடியதும் தூள் ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு நகரவே இல்லை. அடுப்புப் பக்கம் நின்றிருந்த அம்மா, எதையும் யோசிக்காமல், தினமும் செய்கிற மாதிரியே சொம்பைச் சாய்த்து ஒரு கை தண்ணீர் ஊற்றினாள்.

நான் அலறினேன். அம்மா சொம்பும் கையுமாக நின்றாள்.

“கை பழக்கம் பாப்பா. தண்ணி ஊத்தாம எதத்தான் அரைக்கறது?”

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் தோசைக்கு அருமையான கடலைச் சட்னி. அப்பா காரமே இல்லாத அந்தச் சட்னியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னைச் சமாதானப்படுத்த என்று இப்போது புரிகிறது.

அடுத்த முறை சொம்பையே ஒளித்து வைத்தேன். ஓட்டி, நிறுத்தி, கரண்டியால் கிளறி, மறுபடி ஓட்டி. மிக்ஸி சூடேறி ரப்பர் கருகும் வாசனை வந்தது. “போதும், நிறுத்து, நிறுத்து!” என்று அம்மா ஓடி வந்த நேரத்தில் ஜாருக்குள் ஒரு மாற்றம் நடந்தது. வறட்டுத் தூள் மெல்லக் கனத்து, பளபளத்து, எண்ணெய் விட்டு, தானாகவே சுழல ஆரம்பித்தது. தேன் நிறம். விரலால் தொட்டு நக்கினோம். லேசாகக் காறல் அடித்தது.

“கடைக் கடலை. எப்பப் பிடுங்குனதோ” என்றாள் அம்மா. புதுக்கடலைப் பை அந்த வருஷம் வரவில்லை. அதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு முட்டை. “பூஜைக்குக் கொண்டு போறதுல முட்டையா? லைன்ல பாதிப் பேர் தொட மாட்டாங்க” என்றாள் அம்மா. சரிதான். ஈஸியான மூன்று பொருளில் ஒன்று போயிற்று. முட்டை இல்லாமல் உருட்டினால் கையிலேயே உதிர்ந்தது. கொஞ்சம் மைதா, கொஞ்சம் நெய், ஒரு கரண்டி பால் என்று சேர்த்துச் சேர்த்துப் பிசைந்து, ஒரு வழியாக உருண்டை நின்றது.

ஓவன்? எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. ஆனால் ஆம்பூர்க்காரர்களுக்கு அது ஒரு கவலையா? ரமலான் கடைசியில் நம் ஊர் அக்காக்கள் பெரிய பெரிய தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாவு, நெய், சீனி எல்லாம் வீட்டுடையது. பிசைந்து உருட்டுவதும் வீட்டில். அடுப்பு மட்டும் பேக்கரியுடையது. ரொட்டி சுட்டு முடித்த பிறகு விறகடுப்பில் மிஞ்சியிருக்கும் சூட்டில் எல்லா வீட்டுத் தட்டும் வரிசையாக உள்ளே போகும். மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். ஒரு வீட்டு நான்கட்டாயில், அதாவது நெய் பிஸ்கட்டில், முந்திரி, இன்னொன்றில் கிராம்பு, இன்னொன்றில் முள்கரண்டிக் கோடு.

அம்மா தட்டோடு போய் நின்றதும் பேக்கரி பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.

“இன்னா தங்கச்சி, ஆயுத பூஜைக்கு நான்கட்டாயா?”

“கடலை பிஸ்கட்டு பாய். சும்மா சோதனைக்கு.”

“வை, வை. இன்னும் ரெண்டு ஊட்டுத் தட்டு இருக்குது, நிக்காஹ் ஊட்டுது. உன் அடையாளம் இன்னா?”

அம்மா என்னைப் பார்த்தாள். அடையாளம் என்றதும் எங்கள் இருவருக்கும் தோன்றியது ஒன்றுதான். தங்கத்தாளில் சுற்றிய காசு சாக்லேட் வாங்கி வைத்திருந்தோம். பெட்டிக்கடை பாட்டிலில் இருக்குமே, அதுதான். நான் தாளை உரிக்க உரிக்க, அம்மா ஒவ்வொரு மாவு உருண்டையின் நடுவிலும் ஒரு காசை அழுத்தினாள். தட்டு முழுக்கச் சாக்லேட் பொட்டு. எவ்வளவு அழகாக இருந்தது! பாய்கூட, “அட, ஜோரா இருக்குதே” என்றார். தட்டு உள்ளே போயிற்று.

வெளியே வந்தபோது நான் வேறு யாருடைய தட்டையோ தேடினேன். சாக்லேட் கொதித்து வழிந்து, பிஸ்கட்டின் மேலெல்லாம் ஓடி, ஓரங்களில் கருகி, தட்டோடு ஒட்டியிருந்தது.

“இன்னாம்மா இது,” என்றார் பாய். “ரோட்டுக்குத் தார் ஊத்துன மாதிரி.”

அம்மா தட்டைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தாள். வழியில் யாரோ, “மூடி எடுத்துட்டுப் போறியே, இன்னா பலகாரம்?” என்று கேட்டபோது நடையை எட்டிப் போட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அடுத்த வாரம் ஆயுத பூஜை.

வீட்டில் அப்பா தட்டைத் திறந்து பார்த்தார். ஒரு பிஸ்கட்டைத் தட்டிலிருந்து பெயர்த்து, திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். ஷூவைப் பார்க்கிற மாதிரியே.

“முன்னாடியே வெச்சுட்டியா?”

“பின்ன? அடையாளம் இல்லாம தட்டு உள்ள போகுமா? அதுவும் இல்லாம, பூவோ பக்கிளோ, அப்பர் தட்டையா இருக்கறப்பவே வெச்சுடணும். அப்பறம் வெக்க முடியாது. இத்தன வருஷமா தைக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“அது உங்க செக்ஷன். எங்க செக்ஷன்ல மொதல்ல ஹீட்டர்ல விட்டு எடுப்போம். வெளிய வந்த உடனே, சூடு இருக்கறப்பவே சோல வெச்சு அழுத்துவோம். ஒட்டிட்டு ஹீட்டர்ல விட்டா சூப்பர்வைசர் அந்த சோலாலயே அடிப்பாரு.”

“இது இன்னா செருப்பா?”

“சூடு சூடுதான?”

“உங்க பசை நாத்தத்த பிஸ்கட்ல கொண்டாராதீங்க.”

“உன் தையல் நேரா இருந்துச்சு. அதான் இப்படி தார் ரோடு ஆயிடுச்சு.”

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தையல் செக்ஷனும் சோல் செக்ஷனும் சண்டை போட்டதில் கருகிய பிஸ்கட் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே பேச்சுக்கு நடுவில் எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்! சாக்லேட் கருகியிருந்தாலும் அடியில் இருந்த பிஸ்கட் நன்றாகவே வந்திருந்தது. மொறுமொறுப்பு, நெய், கடலை. அதை நான்தான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“பிஸ்கட்டு சரியாதாம்மா இருக்குது! சாக்லேட்ட மட்டும் அப்பறமா வெச்சுப் பாக்கலாம்மா!”

அம்மா கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். “அப்ப அடையாளத்துக்கு இன்னா பண்றது?” என்றாள். சண்டையில் தோற்றுவிட்டால் அம்மா இப்படித்தான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

மறுபடி சோதித்துப் பார்க்க முடியவில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயந்திரம் ரொட்டி முடிந்த பிறகுதான் அடுப்பு கிடைக்கும் என்று பாய் சொல்லிவிட்டார். கம்பெனிகளுக்கெல்லாம் கேக்கும் பன்னும் போக வேண்டும், அவருக்கு மூச்சு விட நேரம் இல்லை. ஒரே ஒரு தடவை. சரியாக வந்தால் லைனுக்கு, வராவிட்டால் வெறும் கையோடு.

அன்று மத்தியானம் முழுக்க நான் தங்கத்தாள் உரித்தேன். கை சூட்டிலேயே காசுகள் இளகின. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, ஈரத்துணி சுற்றிய டப்பாவில் போட்டுக்கொண்டு போனோம். உரித்த தாள்களை நீவி நீவி ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்தப் புத்தகமும் போயிற்று.

பேக்கரியில் ஒரே புகை, ஒரே சத்தம். “அடையாளம் இல்லாத தட்ட வெக்க மாட்டேன், இன்னிக்கு ஜாஸ்தி கூட்டம், அப்பறம் எங்கிட்ட சண்டைக்கு வருவீங்க” என்றார் பாய். அம்மா தலைப்பு முடிச்சை அவிழ்த்து, வீட்டுத் தையல் மிஷினில் நூல் சுற்றுகிற குட்டிச் சக்கரமான பாபினை எடுத்தாள். கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு உருண்டையையும் தட்டி, நடுவில் பாபினை லேசாக அழுத்தினாள். வட்டமாக ஒரு பள்ளம். பாய் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு காத்திருந்தோம். கடலையும் நெய்யும் சேர்ந்த வாசனை மெல்லக் கிளம்பி, ரொட்டி வாசனையை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தது. பன் வாங்க வந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

பாய் நீளக் கம்பால் தட்டை இழுத்து மேடையில் வைத்தார். பொன்னிறம். ஓரங்களில் மெல்லிய வெடிப்பு.

“இப்ப! இப்பவே!” என்றார் அப்பா. முதல் காசை அவரே வைத்து, கம்பெனியில் பிரஸ் போடுகிற வேகத்தில் அழுத்தினார். பிஸ்கட் நாலாக உடைந்தது.

“தள்ளுங்க,” என்றாள் அம்மா. “இது ஷூ இல்ல.”

பிறகு அம்மாவின் விரல்கள் போன வேகம்! நான் ஒவ்வொரு காசாக நீட்ட, அம்மா அதைப் பள்ளத்தில் வைத்து, இரண்டு விரல் நுனியால் ஒரு ஒற்று ஒற்றிவிட்டு அடுத்ததற்குப் போனாள். தட்டின் சூடு முகத்தில் அடித்தது. மிஷினில் தோலை நகர்த்துகிற அதே கை, இழுக்காமல் தள்ளாமல் வழிவிட்டுக்கொண்டே போகிற கை. சாக்லேட் ஓரம் மட்டும் லேசாக இளகிப் பிஸ்கட்டைக் கவ்வியது. மேலே இருந்த காசுக் கோடுகள் அப்படியே நின்றன. கடைசி வரிசையில் பிஸ்கட் ஆறிவிட்டது. வைத்த காசு ஒட்டாமல் ஆடியது.

“பாத்தியா? ஆறுனா ஒட்டாது” என்றார் அப்பா.

“சரி சரி. சொல்லிட்டீங்க.”

பாய் ஒன்றை எடுத்துக் கடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் பொறுமையாக மென்று முழுங்கிவிட்டு, “இனிப்பு ஜாஸ்தி” என்றார். இன்னொன்றை எடுத்தார்.

ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குள் பிள்ளைகளை விடுவார்கள். மற்ற நாளில் வாசலிலேயே கேட்கிற மிஷின் சத்தம் அன்று ஹாலுக்குள்கூட இல்லை. மிஷின்கள் எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையோடு நின்றன. தோல் வாசனைக்கு மேல் ஊதுவத்தி. பொரியும் கடலையும் தட்டுத் தட்டாக வைத்திருந்தார்கள். பெரிய டப்பாவை நான் பிடித்துக்கொள்ள, அம்மா லைன் நெடுக பிஸ்கட் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

“இன்னாடி, நெஜமாவே சுட்டுட்டியா!”

“எம் பொண்ணு.”

“மேல காசு வெச்சிருக்குது. லட்சுமி பிஸ்கட்டா?”

சிரிப்பு, கூச்சல். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆனால் அம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொரு மிஷினாக நகரும்போது, கண் மட்டும் தன் மிஷினுக்கு எதிரில் இருந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. பெரியம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, தன் மிஷினில் மாவிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியாகிவிட்ட கொத்துதான். அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அம்மா அங்கே போய் நின்றாள். டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். நீட்டவில்லை. சாக்லேட்டோடு சேர்த்து இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை மிஷின் பலகையில், குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

பெரியம்மா திரும்பினார். பாதி பிஸ்கட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் முழுசு. எனுக்குப் பாதியா?”

“முழுசா குடுத்தா நீ ஊட்டுக்கு எடுத்துனு போய்டுவ,” என்றாள் அம்மா, வாயில் பிஸ்கட்டோடு. “நான் போனாப்பல.”

நான் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா அந்தப் பாதியை எடுத்தார். முதலில் சாக்லேட் இல்லாத ஓரத்தைக் கடித்து, கண்ணைச் சுருக்கி மென்றார். கடலை விளைவிக்கிறவர் மெல்லுகிற விதம் அது. நாக்கு எங்கே போகிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

“கடலை காறுது.”

“கடையில வாங்குனது.”

“கடையிலயா?” பெரியம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “அங்க ஊட்ல புதுக்கடலை மூட்டையா காயுது, இவ கடையில போய் வாங்கறா! கேக்க வாய் இல்ல?”

“நீதான் ஜன்னல் பக்கம் போய்ட்டியே. கத்தியா கேப்பாங்க?”

“கத்தியிருக்கலாம்ல?”

“நீ திரும்பியிருக்கலாம்ல?”

இரண்டு பேர் கண்ணும் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் ஊதுவத்திப் புகை என்று சொல்லிக்கொண்டார்கள். பெரியம்மா மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீதான் சுட்டியாடி? இன்னா போட்ட?”

சொன்னேன். கடலை, மைதா, நெய், பால், சீனி.

“சீனி போட்டா கடலை ருசி அடியில போய்டுது பாரு. வெல்லம் போடணும்.”

“வெல்லம் இளகும் பெரியம்மா. அடுப்புல பரவிடும்.”

“போட்டுப் பாத்தியா?”

“இல்ல.”

“அப்பறம் இன்னா பேசற? ஞாயித்துக்கெழம நான் கடல எடுத்துனு வர்றேன். உங்கம்மாவ அந்த பாய்கிட்ட அடுப்பு கேட்டு வெக்கச் சொல்லு.”

அன்று மதியம் அவர்கள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. வெல்லத்தைப் பாகு வைத்து ஊற்றினால் மாவு உருண்டை பிடிக்கும் முன்பே இறுகிவிடும். துருவிப் போட்டால் கட்டி கட்டியாக நின்று அடுப்பில் உருகி ஓட்டை விழும். பொடித்துச் சலித்து, முதலில் நெய்யோடு சேர்த்து நன்றாகத் தேய்த்து, அது வெளுத்து நுரைத்த பிறகு கடலையைச் சேர்த்தால்? பரவாமல் நிற்குமா? நிற்கலாம். மைதாவைக் கொஞ்சம் கூட்டி ஒரு பாதி, கூட்டாமல் ஒரு பாதி என்று ஒரே தட்டில் இரண்டு விதமாக வைத்துப் பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமையே வெல்லத்தை இடித்து வைத்துவிடுவது என்று, கடைசிப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே முடிவு செய்தேன்.